எந்தப் படம் எந்த ஆப்பில்? ஓடிடி சந்தா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு நடுத்தர வீட்டின் மாதக் கணக்கில் பிராட்பேண்ட், கேபிள், போன் ரீசார்ஜ் இவற்றோடு இப்போது நாலைந்து ஓடிடி சந்தாவும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் பார்க்க நினைத்த படம் மட்டும் நம்மிடம் இல்லாத ஆறாவது ஆப்பில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். விலையும் உரிமையும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் முன் அந்த ஆப்பிலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஒரே ஆப்பில் நிறைய இருந்தது. இப்போது ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது?

படம் எடுத்தவர்களே கடையும் திறந்துவிட்டார்கள், அதனால்தான்.

2007-இல் நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கியபோது அதற்கென்று சொந்தத் தயாரிப்பு கிடையாது. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தங்களுடைய பழைய படங்களையும் தொடர்களையும் அதற்குக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் கொடுத்தன. தியேட்டரிலும் டிவியிலும் ஓடி முடிந்த சரக்குதானே, வந்தவரை லாபம் என்று கொடுத்தார்கள். சில வருடங்களில் மக்கள் கேபிளை விட்டுவிட்டு அங்கேயே குடியேறிவிட்டார்கள். 2013-இல் நெட்ஃபிளிக்ஸ் பெரிய செலவில் சொந்தத் தொடர்களையும் இறக்கத் தொடங்கியது. தாங்கள் வாடகைக்கு விட்ட சரக்கை வைத்தே ஒருவர் தங்களுக்குப் போட்டியாக வளர்ந்துவிட்டார் என்பது ஸ்டூடியோக்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

2017 ஆகஸ்டில் டிஸ்னி, நெட்ஃபிளிக்ஸுடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு சொந்த சேவை தொடங்கப்போவதாக அறிவித்தது. அப்புறம் வரிசையாக வந்தார்கள். 2019 நவம்பரில் ஆப்பிள் டிவி பிளஸும் டிஸ்னி பிளஸும், 2020 மே மாதத்தில் எச்பிஓ மேக்ஸ், ஜூலையில் என்பிசி யுனிவர்சலின் பீகாக், 2021 மார்ச்சில் பாரமவுண்ட் பிளஸ். ஒன்றரை வருடத்துக்குள் ஐந்து. ஆளாளுக்குத் தங்கள் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸின் பெரிய ஈர்ப்பாக இருந்த 'ஃபிரெண்ட்ஸ்' 2020 தொடக்கத்திலும், 'தி ஆஃபீஸ்' 2021 தொடக்கத்திலும் அங்கிருந்து போய்விட்டன. 'தி ஆஃபீஸ்' தொடரை ஐந்து வருடத்துக்குத் தன்னிடமே வைத்துக்கொள்ள என்பிசி யுனிவர்சல் 50 கோடி டாலர் ஒதுக்கியது.

ஒரு பழைய வழக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். படம் எடுப்பவர்களே தியேட்டர்களையும் கையில் வைத்திருந்தால் போட்டி செத்துவிடும் என்று 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. பெரிய ஸ்டூடியோக்கள் தங்கள் தியேட்டர்களைப் பிரித்துவிட வேண்டியதாயிற்று. எழுபது வருடத்துக்கு மேல் நீடித்த அந்தக் கட்டுப்பாடு 2020 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. ஸ்ட்ரீமிங்குக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எடுப்பவர் ஒருவர், காட்டுபவர் வேறொருவர் என்று இருந்தவரைதான் ஒரே இடத்தில் எல்லாருடைய படமும் கிடைத்தது.

சொந்தக் கடை போட்டதில் ஸ்டூடியோக்களுக்காவது லாபம் வந்ததா?

முதல் சில வருடங்களில் இல்லை. 2022 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான ஒரே காலாண்டில் டிஸ்னியின் ஸ்ட்ரீமிங் பிரிவு ஏறத்தாழ 147 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. வார்னர் நிறுவனம் 2023-இல் தன் எச்பிஓ தொடர்கள் சிலவற்றைத் திரும்பவும் நெட்ஃபிளிக்ஸுக்கே உரிமம் கொடுத்தது. நெட்ஃபிளிக்ஸும் அடிபடாமல் இல்லை. 2022-இன் முதல் ஆறு மாதத்தில் அது பத்து லட்சத்துக்கு மேல் சந்தாதாரர்களை இழந்தது. விலையேற்றம், விளம்பரம், பாஸ்வேர்ட் கெடுபிடி என்று நாம் இன்று அனுபவிக்கும் பலவும் இந்த நஷ்டக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

தமிழ்ப் படங்களுக்கும் இதே கதைதானா?

பாதி இதே கதை. மீதி நம்மூர்க் கதை.

எடுப்பவர், காட்டுபவர், வீட்டுக்குக் கொண்டுவருபவர் எல்லாம் ஒருவரே என்ற ஏற்பாடு ஹாலிவுட்டில் தலைப்புச் செய்தி ஆவதற்கு வெகு முன்பே நமக்குப் பழகிவிட்டது. சன் டிவி 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று தொடங்கியது. அதே குழுமத்துக்குச் சென்னையில் சுமங்கலி கேபிள் இருந்தது, பிறகு டிடிஎச் வந்தது, படத் தயாரிப்பு வந்தது, 2017 ஜூனில் சன் நெக்ஸ்ட் ஆப்பும் வந்தது. தொண்ணூறுகளில் வாங்கிக் குவித்த படங்களின் பெரிய நூலகம் அவர்களிடம் இருக்கிறது. தமிழில் ஸ்டூடியோவே தொடங்கிய சொந்த ஸ்ட்ரீமிங் என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால் அதைத்தான் காட்ட வேண்டும். இதே மாதிரி, தெலுங்குத் தயாரிப்பாளர் அல்லு அரவிந்த் பின்னணியில் உள்ள ஆஹா 2022-இல் தமிழுக்கும் வந்தது.

ஆனால் நம் ஊரில் ஒரு வித்தியாசம் உண்டு. சொந்த ஆப் இருந்தும் பெரிய படத்தைத் தன்னிடமே பூட்டி வைப்பதில்லை. சன் பிக்சர்ஸ் தயாரித்த 'பீஸ்ட்' 2022-இல் சன் நெக்ஸ்ட்டிலும் நெட்ஃபிளிக்ஸிலும் ஒரே நாளில் வந்தது. அடுத்த வருடம் அவர்களே தயாரித்த 'ஜெயிலர்' அமேசான் பிரைமுக்குப் போனது. ரஜினி, விஜய் அளவுக்குச் சம்பளமும் பட்ஜெட்டும் உள்ள படங்களுக்கு வெளியிலிருந்து வரும் டிஜிட்டல் பணம் தேவைப்படுகிறது. ஆகவே தமிழ் ரசிகருக்குச் சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. ஒரு தயாரிப்பாளரின் படங்கள் எல்லாம் ஒரே ஆப்பில் இருக்கும் என்றுகூட நம்ப முடியாது. படத்துக்குப் படம் ஏலம்தான்.

லோகேஷ் கனகராஜ் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'விக்ரம்' ஹாட்ஸ்டாரில் வந்தது. அதே கதையுலகில் அடுத்து வந்த 'லியோ' நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒரு கதையின் தொடர்ச்சியைப் பார்க்க இரண்டு இடத்தில் சந்தா.

ஒரு படம் எந்த ஆப்பில் வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

தயாரிப்பாளர். ஒரு படத்தை அவர் பல துண்டுகளாக விற்கிறார். தமிழ்நாடு தியேட்டர், வெளிநாடு, டிவிக்கான சாட்டிலைட் உரிமை, டிஜிட்டல் உரிமை, பாட்டுக்கான ஆடியோ உரிமை, வேற்று மொழி டப்பிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம். ஒரு சேனலில் பொங்கலுக்குப் போடும் படம் அந்தச் சேனலின் ஆப்பில் இல்லாமல் போவது இதனால்தான். டிவி உரிமை ஒருவரிடம், டிஜிட்டல் வேறொருவரிடம் இருக்கும். சில படங்களில் தமிழ் ஒரு ஆப்பிலும் இந்தி வேறு ஆப்பிலும் இருப்பதும் இதே கணக்குதான்.

கொரோனாவுக்குப் பிறகு டிஜிட்டல் உரிமை பெரிய தொகை ஆனது. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்குப் போகாமலே பிரைமில் வந்தபோது தியேட்டர்காரர்களோடு நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். 2021 பொங்கலுக்குத் தியேட்டரில் வந்த 'மாஸ்டர்' அந்த மாதம் முடியும் முன்பே பிரைமுக்கு வந்துவிட்டது. தியேட்டருக்கும் ஓடிடிக்கும் நடுவில் இப்போது பெரும்பாலும் நான்கு வாரம் என்ற கணக்கு ஓடுகிறது. அதை எட்டு வாரமாக்க வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தி மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரத்துக்குக் குறைந்தால் படமே போடுவதில்லை. தியேட்டர் தேதியையே ஓடிடி நிறுவனத்தின் அட்டவணைக்கு ஏற்ப வைக்கும் நிலை வந்திருக்கிறது.

இதில் நான் அதிகம் கவலைப்படுவது சின்னப் படங்களைப் பற்றி. பெருந்தொற்றுக் காலத்தில் சின்ன பட்ஜெட் படங்களுக்கும் ஓடிடி மொத்தமாகப் பணம் கொடுத்தது. இன்று பல நிறுவனங்கள், தியேட்டரில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசவே வருகின்றன. பார்த்த நேரத்துக்கு ஏற்பப் பங்கு தருகிறோம் என்பார்கள். அந்தக் கணக்கைத் தயாரிப்பாளரால் சரிபார்க்க முடியாது. சந்தா கட்டும் நம் பணம் பெரிய படங்களின் ஏலத்துக்கே போய்விடுகிறது.

பாதி பார்த்த தொடர் திடீரென்று காணாமல் போனது. ஏன்?

உரிமம் முடிந்திருக்கும். நாம் கட்டுவது அந்த ஆப்புக்குள் நுழையும் கட்டணம் மட்டுமே. உள்ளே இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

எச்பிஓ தொடர்கள் நல்ல எடுத்துக்காட்டு. ஹாட்ஸ்டாரில் இருந்தவை 2023 மார்ச் 31-ஓடு விலகின. சில வாரங்களில் ஜியோசினிமாவில் தலைகாட்டின. 2025 பிப்ரவரியில் இரண்டு ஆப்பும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனதும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன. இடைப்பட்ட காலத்தில் ஒரே தொடரை முடிக்க இரண்டு இடத்தில் பணம் கட்டியவர்கள் எத்தனையோ பேர். ஒரு தொடர் போகப்போகிறது என்றால் ஒரு மாதம் முன்னதாக அதன் முகப்பிலேயே பெரிதாக அறிவிக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். இப்போதெல்லாம் தேடிப் பார்த்து இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் அறிவிப்பு.

கிரிக்கெட்டுக்காக மட்டும் ஒரு ஆப் வைத்திருக்கிறேன். அது நிலையானதா?

இல்லை. ஐபிஎல் உரிமையும் ஏலத்தில் போவதுதான். 2023 முதல் 2027 வரைக்குமான இந்திய டிஜிட்டல் உரிமையை வயாகாம்18 சுமார் 23,758 கோடி ரூபாய்க்கு எடுத்து, 2023-இல் ஜியோசினிமாவில் இலவசமாகவே காட்டியது. சேப்பாக்கத்தில் தோனி ஆடுவதைப் பார்க்க ஹாட்ஸ்டாரில் சந்தா வைத்திருந்தவர்களுக்கு அது தேவையில்லாமல் போயிற்று. அந்த வருடம் ஜூலை 1-ஓடு முடிந்த காலாண்டில் மட்டும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் 1.25 கோடி சந்தாதாரர்களை இழந்தது. 2024 நவம்பரில் வயாகாம்18-உம் டிஸ்னியின் இந்திய நிறுவனமும் ஒன்றாயின, ஆப்கள் இணைந்தது அடுத்த பிப்ரவரியில்.

ஒன்றானது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஆப் குறைந்தது உண்மை. ஆனால் ஐபிஎல்லை இலவசமாகக் காட்ட வைத்ததே அந்தப் போட்டிதான். போட்டியாளரே இல்லாதபோது விலையைக் கட்டுக்குள் வைக்க யாருக்கும் அவசரம் இருக்காது. சீசனுக்கு மட்டும் எடுங்கள், முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஒரு வீட்டுக்கு எத்தனை ஆப் போதும்?

ஒரு நேரத்தில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓடிடி சந்தாவை மின்சார பில் மாதிரி விடாமல் கட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வேண்டிய மாதம் எடுத்து, பார்த்து முடித்து, நிறுத்தி, அடுத்த ஆப்புக்குப் போகலாம். நிறுத்தியதற்கு அபராதம் கிடையாது. பார்த்த வரலாறும் பல ஆப்களில் சில மாதங்களுக்கு அப்படியே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது மொபைல் பிளான் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649 என்று வைத்தது. ஸ்டாண்டர்டை வருடம் முழுக்க ஓட்டினால் 5,988 ரூபாய். நீங்கள் பார்க்க விரும்பும் ஐந்தாறு படமும் இரண்டு தொடரும் சேர்ந்த பிறகு மூன்று மாதம் மட்டும் எடுத்தால் 1,497 ரூபாய். படம் வந்த முதல் வாரமே பார்த்தாக வேண்டும் என்ற பரபரப்பு மட்டும்தான் நமக்கும் அந்த மிச்சத்துக்கும் நடுவில் நிற்கிறது. முதல் நாளே பார்த்தாக வேண்டிய படம் என்றால் அதைத் தியேட்டரில் போய்ப் பார்த்துவிடுவதே நல்லது. ஒரு படம் ஓடிடிக்கு வந்த பிறகு ஆறு மாதம் தள்ளிப் பார்த்தாலும் அதே படம்தான்.

நடைமுறைக்கு ஒரு வழி: வீட்டில் எல்லாரும் பார்க்க நினைப்பதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஆப்பின் பெயர். எந்த ஆப்புக்கு நாலைந்து பெயர் சேர்கிறதோ அந்த மாதம் அது. எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் தேடலாம். இந்தியாவுக்கான விவரம் அதில் உண்டு.

மாதச் சந்தாவா, வருடச் சந்தாவா?

பிரைமை எடுத்துக்கொண்டால், 2023 ஏப்ரலில் மாதத்துக்கு 299 ரூபாய் ஆனது. வருடத்துக்கு 1,499. ஐந்து மாதத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கு வருடச் சந்தா லாபம். பொருள் வாங்கி டெலிவரிக்காகவும் பயன்படுத்துகிறவர் அப்படியே எடுத்துவிடலாம். மற்ற ஆப்களில், வருடத்தில் குறைந்தது ஆறு மாதம் பார்ப்போம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய மாதம்தான் நல்லது. வருடச் சந்தா கட்டிய பிறகு நடுவில் தொடர் போய்விட்டாலும் விளம்பரம் வந்துவிட்டாலும் நம் கை கட்டப்பட்டுவிடும்.

பணம் கட்டியும் விளம்பரம் வருகிறதே?

ஆமாம். பிரைம் வீடியோ இந்தியாவில் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம் போடுகிறது. அது வேண்டாம் என்றால் மேற்கொண்டு மாதம் 129 அல்லது வருடம் 699 ரூபாய் என்றார்கள். முன்பே வருடச் சந்தா கட்டியவர்களுக்கும் இதே நிலைதான். கட்டிய காலம் முடியும் வரை பழைய நிபந்தனையிலேயே விட்டிருக்க வேண்டும்.

பிராட்பேண்ட் பிளானோடு இருபது ஆப் இலவசம் என்கிறார்கள். வாங்கலாமா?

பட்டியலில் உங்களுக்கு வேண்டிய இரண்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்ற பதினெட்டும் கணக்குக்கு வைத்தவை. அடுத்து, எந்த நிலை பிளான் என்று கேளுங்கள். இப்படிப்பட்ட பல தொகுப்புகளில் மொபைலில் மட்டும் ஓடும் பிளானைத்தான் தருவார்கள், டிவியில் ஓடாது. சில நேரம் அந்தந்த ஆப்பில் நுழைய முடியாது, பிராட்பேண்ட் நிறுவனத்தின் ஆப் வழியாகத்தான் பார்க்க முடியும். ஏற்கெனவே தனியாகச் சந்தா ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு இதை இயக்குங்கள். ஒரே ஆப்புக்கு இரண்டு வழியில் பணம் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சந்தாவை நிறுத்தவே முடியவில்லை. பணம் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது என்பது தெளிவாகட்டும். போனிலிருந்து ஐகானைத் தூக்கிவிட்டு, நிறுத்திவிட்டோம் என்று நினைப்பவர்கள் நிறைய.

கணக்குப் பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்யுங்கள். பெரும்பாலான சேவைகளில் கட்டிய காலம் முடியும் வரை பார்க்கலாம், ஆகவே சந்தா எடுத்த அன்றே ரத்து செய்து வைத்தாலும் அந்த மாதம் பறிபோகாது. இதை நான் எல்லாருக்கும் சொல்வதுண்டு. அப்புறம், யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் உங்கள் பேமெண்ட் ஆப்பில் 'ஆட்டோபே' என்ற பகுதி இருக்கும். அதைத் திறந்தால் யார் யாருக்கு மாதாமாதம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று வரிசையாகத் தெரியும். அங்கேயே நீக்கலாம். எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, பேரன் லீவுக்கு வந்து எடுத்துக் கொடுத்த மூன்று ஆப்களுக்கு அவர் பணம் போய்க்கொண்டிருந்தது. அவர் பார்ப்பது ஒன்றைத்தான்.

கார்டில் கட்டுபவர்களுக்கு: ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தானாக எடுக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று மறுக்கும் வழியும் தர வேண்டும். அந்தச் செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

ரத்து செய்யும் பட்டனை ஒளித்து வைப்பதும், பக்கம் பக்கமாகச் சுற்ற விடுவதும் இந்தியாவில் தடை செய்யப்பட்ட செயல்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 'சந்தாப் பொறி' பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

மதுரையில் இருக்கும் அப்பா அம்மாவோடு ஒரே கணக்கைப் பகிரலாமா?

நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலை முதல் இந்தியாவில் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்கிறது. வேளச்சேரியில் மகன், மதுரையில் பெற்றோர் என்றால் அவர்கள் கணக்கில் அது ஒரே குடும்பம் இல்லை. வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இது நியாயமற்ற விதி. மற்ற ஆப்களில் எத்தனை கருவி, எத்தனை திரை என்று பிளானுக்குப் பிளான் வேறுபடும்.

ஓடிடி வந்த பிறகு கேபிள் எதற்கு? வெட்டிவிடலாமா?

வீட்டில் சீரியல் பார்ப்பவர்கள் இருந்தால் அவசரப்படாதீர்கள். சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்ட்டில், விஜய் டிவி சீரியல் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் சீரியல் ஜீ5-இல் என்று பிரிந்து கிடக்கிறது. கேபிள்காரர் தரும் ஒரே பெட்டியில் மூன்றும் வருகிறது, பாட்டிக்குத் தெரிந்த எண்ணை அழுத்தினால் போதும்.

சென்னைக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. கட்டணச் சேனலுக்கு செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற முறை 2003 செப்டம்பரில் நாட்டிலேயே முதலில் இங்கேதான் உண்மையாக நடைமுறைக்கு வந்தது, மற்ற பெருநகரங்களில் தள்ளிப்போனது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019-இல் வேண்டிய சேனலுக்கு மட்டும் கட்டலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தபோது, சேனல் தொகுப்பில் சேர்க்கும் சேனலுக்கு 19 ரூபாய்க்கு மேல் விலை வைக்கக் கூடாது என்றார்கள். சன் டிவியும் அந்த 19-ஐத்தான் வைத்தது. அந்த முறையில் பில் கூடிவிட்டது என்று நாமெல்லாம் புலம்பினோம். இருந்தாலும் உச்சவரம்பு என்று ஒன்று இருந்தது, புகார் சொல்ல ஒரு ஆணையம் இருந்தது. ஓடிடிக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வயது வகைப்பாட்டையும் உள்ளடக்கம் பற்றிய புகாரையும் கவனிக்கின்றன. விலையை யாரும் கவனிப்பதில்லை. இதை டிராய் போன்ற ஒரு அமைப்பு கையில் எடுக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கு டெலிகிராமில் இறக்கிப் பார்த்தால் என்ன?

அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. நியாயமான விலையில் ஒரே இடத்தில் கிடைத்தால் மக்கள் காசு கொடுக்கத் தயார் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. பர்மா பஜாரில் திருட்டு விசிடி குவிந்து கிடந்த காலத்தில் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு ஒரிஜினல் விசிடி விற்றது, மக்கள் அதை வாங்கினார்கள்.

ஆனாலும் செய்யாதீர்கள். பெரிய ஹீரோ படம் திருட்டைத் தாண்டியும் பிழைத்துக்கொள்ளும். இரண்டு கோடியில் எடுத்து, ஓடிடி வாங்குமா என்று காத்திருக்கும் இயக்குநருக்கு அந்த லிங்க்தான் மரண அடி. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்பவருக்கும் பரப்புபவருக்கும் மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், குறைந்தது மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போடுபவர்களும் இதை ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

ஒரே ஒரு படத்துக்காகச் சந்தா எடுக்க மனமில்லை. வேறு வழி?

வாடகைக்கு எடுக்கலாம். பிரைம் வீடியோவிலும் யூடியூபிலும் பல படங்கள் சந்தா இல்லாமலே வாடகைக்குக் கிடைக்கின்றன. பொதுவாக முப்பது நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 'வாங்கு' என்ற பட்டனும் சில இடங்களில் இருக்கும். அப்படி வாங்கியதும் அந்தச் சேவை இருக்கும் வரைதான். கையில் தங்குவது டிஸ்க் மட்டுமே.

அம்மா கேட்கும் பழைய படம் எந்த ஆப்பிலும் இல்லை. எங்கே தேடுவது?

எனக்கு மிகவும் மனதுக்கு நெருக்கமான கேள்வி இது. இத்தனை ஆப் வந்தும் ஐம்பது, அறுபதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி எதிலும் ஒழுங்காக இல்லை. இருப்பவையும் பாட்டு வெட்டப்பட்டு, ஓரம் நறுக்கப்பட்டு, மங்கலாக இருக்கின்றன.

முதலில் யூடியூபில் தேடுங்கள். பழைய படங்களின் உரிமை பெற்ற நிறுவனங்கள் முழுப் படத்தையும் விளம்பரத்தோடு இலவசமாகவே போட்டிருக்கின்றன. அடுத்து சன் நெக்ஸ்ட். கே டிவி, முரசு, ராஜ் டிவி வகையறாக்களில் மதிய நேரத்தில் ஓடும் படங்களையும் கவனியுங்கள். ஆப்பில் கிடைக்காதது அங்கே வரும்.

ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உரிமையின் சிக்கல். படம் எடுத்தவர் காலமாகியிருப்பார், வாரிசுகள் நாலு பேர் இருப்பார்கள். தொண்ணூறுகளில் சாட்டிலைட் உரிமையைச் சொற்ப விலைக்குக் காலம் முழுவதற்குமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பத்திரத்தில் இணையம் என்ற சொல்லே இருக்காது. டிஜிட்டல் உரிமை யாருடையது என்று வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1964-இல் வந்த 'கர்ணன்' போன்ற படங்களுக்கு 2024 முடிவோடு அது தீர்ந்துவிட்டது, பாடல்களுக்கான உரிமை தனி. ஆனால் காப்புரிமை தீர்ந்தால் மட்டும் போதாது, நல்ல பிரதி வேண்டுமே. முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்', 1931-இல் வந்தது, இன்று பிரதியே இல்லை. கோடம்பாக்கம், வடபழனி லேப்கள் பிலிம் வேலையை நிறுத்தியபோது அங்கே கிடந்த எத்தனையோ நெகட்டிவ்களை எடுத்துக்கொள்ள ஆள் வரவில்லை.

பார்க்க ஆளில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. சீரமைக்கப்பட்ட 'கர்ணன்' 2012-இல் திரும்பத் தியேட்டருக்கு வந்து சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. புதுப் படத்துக்கு நூறு கோடி கொட்டும் நிறுவனங்கள் அதில் ஒரு சிறு துளியை வருடத்துக்குப் பத்துப் பழைய படங்களைச் சீரமைக்க ஒதுக்கினால், போட்டி ஆப்பிடம் இல்லாத ஒரு நூலகம் அவர்களுக்குக் கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா எடுத்த படத்தின் ரீல் பெட்டியோ ஒப்பந்தப் பத்திரமோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். திறந்து பார்த்து வினிகர் வாடை அடித்தால் ரீல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள், அதைத் தள்ளிப்போட நேரமில்லை. புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். ரீலை அவர்களிடம் ஒப்படைத்தாலும் உரிமை உங்களிடமே இருக்கும்படி முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.